ஒரு சொட்டு வழியக்கூடாது

"கலப்படம்! இந்த மெழுகுல நிச்சயமா கலப்படம் இருக்கு!" என்று தீர்ப்புச் சொன்னார் தோன் செஃபெரினோ. மூக்கு ஏறக்குறைய மெழுகுவர்த்திக்குள்ளேயே போய்விட்டிருந்தது.

கோயில் தூணைப் பெயர்த்து வந்தது போல நின்றது அந்த வர்த்தி. அடியைச் சுற்றி மெழுகிலேயே செய்த ரோஜாக்கள். தூக்கி வந்த தோன் அபுந்தியோவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. அருகே அவருடைய தங்கை ஹசிந்தா, புருஷன் இறந்த பிறகு தேன்மெழுகு வார்த்தே வீடு கட்டியவள். தெயோதித்லான் ஊரில் வர்த்தி செய்ய அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

பூ வைத்த மெழுகுவர்த்தியோடு ஒரு குடும்பம் படியேறினால் அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான்: சம்பந்தம் பேச வந்திருக்கிறார்கள். செஃபெரினோவுக்கு இருப்பதோ ஒரே மகள் எலோடியா. மனைவி இறந்துவிட்ட வீட்டில் அவளும் இல்லையென்றால் மிச்சம் அவரும் தறியும்தான். தறியோடு எத்தனை நாள் பேச முடியும்?

வந்தவர்களை வெளியே போ என்று சொல்வது மரியாதை இல்லை. வர்த்தியில் குறை சொன்னால் யாரும் கேட்க முடியாது.

"நகத்தால கீறிப் பாருங்களேன்," என்றாள் ஹசிந்தா. "கலப்பட மெழுகுன்னா தூளா உதிரும்."

கீறினார். வெண்ணெய் போலச் சுருண்டு வந்தது. முகர்ந்தார், ஒன்பது மலைத் தேனும் ஒன்றாக மணத்தது. வாயில் போட்டு மென்றும் பார்த்துவிட்டார், பாவி மனுஷர்.

"மணம் கிடக்கட்டும், எரியற லட்சணத்தைப் பார்ப்போம். உருகின மெழுகு விளிம்பு வரைக்கும் போகணும், ஆனா ஒரு சொட்டு வெளியே வழியக்கூடாது. புகையும் கூடாது. வழிஞ்சா தூக்கிட்டுக் கிளம்பிடணும்!"

"வழியலேன்னா?" என்றார் அபுந்தியோ.

"வழியலேன்னா எனக்குச் சம்மதம். பீடத்துல இருக்கிற மாதா சாட்சி!"

ஏற்றினார்கள். உடனே செஃபெரினோவுக்குப் புழுக்கம் தாங்கவில்லை. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தார். தொப்பியைக் கழற்றி, ஓக்ஸாகா பள்ளத்தாக்கின் காற்றையெல்லாம் வர்த்தியின் பக்கமாகவே விசிறினார். முற்றத்து வான்கோழிகள் நாலாபக்கமும் சிதறுகிற மாதிரி ஒரு தும்மல் போட்டார். சுடர் பணிவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடியும் நிமிர்ந்தது.

"அடுத்து என்ன, கூரையைப் பிரிக்கப் போறீங்களா?" என்று ஹசிந்தா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. கஷ்டப்பட்டு அதை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் புது வழியில் போனார். "உங்க பையனுக்குத் தறி ஓட்டவாவது தெரியுமா?"

"எந்தப் பையனுக்கு?" என்று அபுந்தியோ விழிப்பதற்குள் எலோடியா குறுக்கே வந்தாள். "மாமா, இன்னும் ரெண்டு துண்டு கறி வைக்கட்டுமா?"

மாமாவாம்! அதற்குள்ளேயா! காலையில் மகள் அடம்பிடித்துச் செஃபெரினோவுக்குச் சவரம் செய்து, புதுச் சட்டையை மாட்டி, தலைக்கு வாசனை எண்ணெயும் தடவிவிட்டபோதே உஷாராகியிருக்க வேண்டாமா?

மோலே குழம்பு தீர்ந்தது. மெஸ்கால் சாராயப் போத்தல் காலியானது. வர்த்தியின் தலையில் உருகிய மெழுகு விளிம்பைத் தொட்டுக்கொண்டு பொன்தட்டு போலத் தளும்பாமல் நின்றது.

செஃபெரினோ தரையில் மண்டியிட்டு, வர்த்தியைச் சுற்றித் தவழ்ந்தார். ஒரு சொட்டு கிடைக்காதா என்று ரோஜா ரோஜாவாகத் தடவினார். மேல்சுவரில் புகைக்கறையாவது உண்டா என்று நாற்காலி போட்டு ஏறினார். வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருந்தது.

மெல்ல இறங்கி வந்தார்.

"இப்படி ஒரு வர்த்தியை நான் பார்த்ததில்லை," என்றார். "மாதா முன்னாடி சொன்ன சொல்லை மாத்த மாட்டேன். சம்மதம்."

ஹசிந்தா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். செஃபெரினோ மகளின் கையைப் பிடித்து அபுந்தியோவிடம் நீட்டினார். கண்ணீர் புதுச் சட்டையில் சொட்டியது.

"என் வீட்டு விளக்கையே தர்றேன். கூட்டிட்டுப் போங்க. நல்லா வச்சுக்குங்க."

எலோடியா அடக்க மாட்டாமல் வெடித்துச் சிரித்தாள். அபுந்தியோ அவள் கையைப் பதமாக விலக்கிவிட்டு, செஃபெரினோவை எலும்பு நொறுங்கக் கட்டிக்கொண்டார்.

"பொண்ணை யாரு கேட்டா? என் தங்கச்சிக்கு உங்களைத்தான் கேட்டு வந்தோம், மாப்பிள்ளை!"