மாப்பிள்ளை வீட்டு முகவரி

தான் கட்டும் பொருளை உயிரோடு உணராதவன் மென்பொருள் எழுதுவது, கிப்லா எந்தத் திசை என்று தெரியாதவன் தொழுகை நடத்த முன்னுக்கு நிற்பதைப் போன்றது.

கிழக்கிலங்கையின் காத்தான்குடியில் மென்பொருள் நிறுவனம் நடத்தும் ஸாஹிர் இதைத் தானே இயற்றி, கண்ணாடிச் சட்டம் போட்டு, அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார்.

வேறு அறிஞர் எவரும் சொன்னதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று கீழே தன் பெயரையும் பட்டத்தையும் போட்டிருந்தார்.

அவர் கட்டிய பொருள் ‘நஸீபு’. கலியாணம் பேசுவதற்கான செயலி.

அதற்காகச் சென்னைச் செயலிகள், துபாய்ச் செயலிகள் என்று கிடைத்ததையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தார். கற்பனையில் ஒரு மாப்பிள்ளையைப் படைத்து, அஸ்லம் என்று பெயரும் வைத்திருந்தார். அஸ்லத்துக்கு என்ன நிறம் பிடிக்கும், எந்த நேரத்தில் கைப்பேசி பார்ப்பான், எதற்கெல்லாம் கோபம் வரும் என்பது அவருக்கு அத்துப்படி.

இன்று செயலியைப் பார்க்க வந்திருந்தவர் கைறுன்னிஸா. காத்தான்குடியிலிருந்து ஓட்டமாவடி வரை, அவர் நடுவில் நிற்காமல் ஒரு சம்பந்தம் முடிவது அபூர்வம்.

ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து வைத்தால் அத்தனை குடும்பங்களும் நஸீபுக்குள் வரும். வைக்காவிட்டால் நிறுவனத்தை இழுத்து மூடிவிட்டு, ஸாஹிர் மறுபடி கட்டாருக்கு விசா தேட வேண்டும்.

ஸாஹிர் பெரிய திரையில் அஸ்லத்தின் விபரங்களை நிரப்பத் தொடங்கினார்.

“அஸ்லத்த உடுங்க தம்பி. நீங்களும் கலியாணம் முடிச்ச ஆள்தானே. உங்கட விபரத்தையே அடிங்களன் பாப்பம்,” என்றார் கைறுன்னிஸா.

ஸாஹிருக்கு உச்சி குளிர்ந்தது. பெயரை அடித்தார். வயதை அடித்தார். படிப்பைக் கொஞ்சம் விரிவாகவே அடித்தார்.

அடுத்த கேள்வி வந்தது: மணமகள் வந்து குடியேறவிருக்கும் மாப்பிள்ளை வீட்டின் முகவரி.

விரல் நின்றது.

வெறுமையாக விட்டுத் தாண்டப் பார்த்தார். செயலி சிவந்து மறித்தது.

“இதக் கட்டாயமில்லாம ஆக்குங்க,” என்று பக்கத்திலிருந்த நிரலாளர் றுக்ஷானாவிடம் பல்லுக்குள் சொன்னார்.

“கட்டாயம் எண்டு போடச் சொன்ன நீங்கதானே சேர்,” என்றாள் அவள். பல்லுக்குள் அல்ல.

கைறுன்னிஸா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேள்வியை எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாக வாசித்தார்.

“நம்மட பக்கம் எந்தப் பொம்பிள தம்பி மாப்பிள வீட்ட குடிபோன? பொம்பிளைக்கு வாப்பா வீடு கட்டிக் குடுப்பாரு, மாப்பிள பெட்டியத் தூக்கிட்டு அங்க வருவாரு. இது தெரியாம நீங்க எங்க போய் ஆராய்ச்சி செஞ்ச?”

பயனரின் அகவுலகம் பற்றி ஸாஹிர் ஏதோ தொடங்கினார்.

அவர் முடிப்பதற்குள் கைறுன்னிஸா பேனையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார். ஒப்பந்தம் மேசையில் கிடந்தது.

திரையில் அந்தக் கட்டம் இன்னும் சிவப்பாகவே நின்றது. றுக்ஷானா வேறெங்கோ பார்த்தாள்.

அந்த அலுவலகம், ஸாஹிரின் மனைவியின் வாப்பா மகளுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டின் முன்னறை.