வந்தவள்

"இது மத்ததைக் கடிக்காதுல்ல?" என்று மீன் கடையில் நளினி கேட்டிருந்தாள்.

"புதுசு கடிக்காது நளினி. ஏற்கெனவே இருக்கிறதுதான் கடிக்கும்" என்று சொல்லிவிட்டு, அவள் கணவர் சபேசன் அந்தச் சாதுவான மஞ்சள் மீனை வாங்கினார்.

இப்போது வீட்டில் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, கடல்நீர்த் தொட்டிக்குள் இருந்த கற்களையெல்லாம் இடம் மாற்றிக்கொண்டிருந்தார். ஆரஞ்சு நிறப் பழைய மீன் தன் பொந்தைக் காணாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

"தன் இடம் எதுன்னு இதுக்கு மறந்துபோகணும். அப்பதான் வந்தவளை விரட்டாது" என்றார்.

விரல் நீளம்கூட இல்லாத மீன் அவருக்கு வந்தவளாம்! நளினிக்குப் பொறாமையாக இருந்தது. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. இறந்துபோன முதல் மனைவி கோமதியின் புடவைகள் பீரோ நிறைய மடிப்புக் கலையாமல் இருந்தன. நளினியின் புடவைகள் கட்டிலுக்கு அடியில், பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியிலேயே கிடந்தன.

பையிலிருந்து விட்டதும் மஞ்சள் மீன் தயங்காமல் கற்களுக்கிடையே நுழைந்துகொண்டது.

"பாத்தியா, எவ்வளவு நிம்மதியா இருக்கு!" சபேசன் சிரித்தார்.

"ஏங்க" என்றாள் நளினி. "அந்த பீரோவை எனக்குக் காலி பண்ணிக் குடுங்க."