மாமனார் போட்ட சட்டம்

மூன்று வருடமாய் அவள் மொட்டை மாடி முழுக்க வளர்த்த புல்லும் கீரையும் வேரோடு புரண்டு கிடக்கின்றன. மண்வெட்டி தளத்தில் உரசும்போதெல்லாம் அவளுக்குப் பல் கூசுகிறது. "மண்ணு கனத்துல வீடே ஒரு நாள் உக்காந்துடும்மா," என்கிறார் மாமனார், படிக்கட்டு அறையின் நிழலில் நின்றபடி. இன்ஜினியர் வந்து பார்த்துத் தாங்கும் என்று சொன்ன பிறகுதான் அவள் மண்ணே போட்டாள். காதில் போட்டுக்கொண்டால்தானே! இந்த மண்ணுக்குக் கீழுள்ள அறையில்தான் தினமும் மத்தியானம் மின்விசிறிகூட இல்லாமல் குறட்டை விடுகிறார். காலையிலேயே சுரண்டிய பக்கம் உச்சி வெயிலில் கண்ணைக் கூசவைக்கிறது. மாடிக்கு யாரும் செருப்போடு வரக் கூடாதென்பது அவர் போட்ட சட்டம். மண் வெட்டுபவர் காலில் சாக்கைச் சுற்றியிருக்கிறார். மேற்பார்வை பார்க்க வெறுங்காலோடு இரண்டடி வைத்த மாமனார், "ஐயையோ!" என்று துள்ளி ஓடி, மூலையில் மிஞ்சியிருக்கும் முறம் அகலப் புல்லில் ஏறி நிற்கிறார். மண்வெட்டி அந்தரத்தில் நிற்கிறது. "ஏன் நிறுத்திட்டீங்க, அண்ணே?" என்கிறாள் அவள். "அவரு காலுக்குக் கீழ இருக்கிறதையும் வெட்டுங்க."