அரைப்பேர்

"பால் குடிச்சா வயித்த வலிக்குதாம்! மகாராணி உடம்பு, பாருங்க டொக்டரய்யா!"

வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் ஆயா இசபெல் போட்ட சத்தத்தில், கைக்குழந்தைகளோடு நின்ற தாய்மார் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பேச்சியம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

பஞ்சம் முடிந்த மறுவருஷம் அது. பிள்ளை பெற்றவர்களுக்குத் தேயிலைத் தோட்டத்தில் பால்மா கரைத்துக் கொடுத்தார்கள். ஆயாவின் கண்முன்னே குடிக்க வேண்டும். குடித்த பேச்சியம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல் கக்கூஸுக்கு ஓடுவாள். இசபெல், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கய்யாவிடம் போட்டுக் கொடுப்பாள். அவரும் அரைப்பேர் போட்டுவிடுவார். அரைப்பேர் என்றால் பாதிநாள் சம்பளம்தான்.

டொக்டர் அமிர்தநாதன் சிரித்தார்.

"டிமிக்கி இல்ல இசபெல். பால செரிக்க வைக்க உடம்புல ஒரு சுவிச்சு இருக்கு. பால்குடி மறந்தா நம்மள்ல பல பேருக்கு அது தானா அணைஞ்சிரும். மாட்டையே நம்பி வாழ்ந்த கூட்டங்கள்ல அணையாதவங்களும் இருந்தாங்க. பஞ்சம் வந்தப்ப அவங்க பால் குடிச்சுத் தப்பிச்சாங்க, அவங்க பிள்ளைகுட்டி பெருகுச்சு. பேச்சியம்மா அந்த வழி இல்ல, அவ்வளவுதான். இனிமே இவங்களுக்குப் பால் வேணாம்."

"எல்லாம் சாக்குங்கய்யா! இங்க பாருங்க!"

இசபெல் ஒரு கோப்பையை மடமடவென்று குடித்தாள். வீம்புக்கு இன்னொன்றும் ஊற்றிக் குடித்தாள். அவள் வீட்டில் என்றைக்கும் பால் சேராத வெறும் சாயத்தண்ணிதான் என்பது வேறு விஷயம்.

டொக்டர் பிள்ளைகளையெல்லாம் பார்த்து முடித்துப் புறப்பட்டார். பிள்ளைகளைக் கிடத்திவிட்டுத் தாய்மாரும் மலைக்குக் கிளம்பினார்கள்; பேச்சியம்மாதான் கடைசி. இசபெலின் வயிறு கடமுடவென்றது. விழுந்தடித்துக்கொண்டு ஓடிக் கக்கூஸ் கதவைச் சாத்தினாள்.

உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை.

கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"வாளியில தண்ணி வச்சிருக்கேன் ஆயாம்மா." பேச்சியம்மாவின் குரல்.

இசபெலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குள் கண்டாக்கய்யாவின் அதட்டல் கேட்டது.

"புள்ளைங்க கத்துதுங்க, ஆயா எங்க? உனக்கு இங்க என்ன வேலை?"

இசபெல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பேச்சியம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்குத் தோட்டமே கைகொட்டிச் சிரிக்கும். தான் சிரிக்க வைத்ததைப் போல.

"எனக்குத்தான் வயிறு சரியில்லைங்கய்யா. பாவம், மருந்து வாங்கியாரத்தான் ஆயாம்மா டிஸ்பென்சரிக்கு ஓடியிருக்காங்க."

"இன்னைக்கும் டிமிக்கியா? அரைப்பேர்தான் உனக்கு!"

"சரிங்கய்யா" என்றாள் பேச்சியம்மா.