சுப்புத்தாய் ஓட்டம்

காலையிலிருந்து நின்றதில் முத்துசெல்வி டீச்சருக்குக் கெண்டைக்கால் கடுக்கிறது. கரும்பலகையில் 'ப்ரோவெர்பியல்' என்ற ஆங்கிலச் சொல் வெயில்பட்டு மங்கித் தெரிகிறது. "லத்தீன்லருந்து வந்த சொல்லு. பழமொழி கணக்கா ஊர்வாயில அடிபடுத எதுக்கும் முன்னால இதப் போடலாம். எங்க, ஒரு உதாரணம்?" தீபலட்சுமி எழுகிறாள். "சுப்புத்தாய் ஓட்டம், டீச்சர்! எங்க அத்த ஊரு நாகலாபுரத்துல சுப்புத்தாய்னு ஒரு அம்மா, வேலைக்கு ஆளேத்துத தீப்பெட்டியாபீஸ் வேனுக்குப் பின்னாலயே தெனமும் பிந்திவந்து ஓடும். ஆரு பிந்தி வந்தாலும் அப்படித்தான் சொல்லுவாவ." "ஏட்டி, தூக்குவாளியோடயா ஓடும்?" என்று பின்வரிசை கேட்க, வகுப்பே குலுங்குகிறது. முத்துசெல்வியும் சிரிக்கிறாள். அன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தனக்குச் சோறு கட்டிவைத்துவிட்டு அந்த வேனைப் பிடிக்க ஓடத் தொடங்கிய அம்மா, இன்னும் ஓடுகிறாள். சாக்பீஸ் தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "சரியான உதாரணம், உக்காரு" என்கிறாள். அது என் அம்மா என்று இந்த நாற்பது பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி.