கிட்டாருக்கு நடுவே ஒரு குரல்

ரம்புக்கனைக்கு மேலேயுள்ள ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துத் தகரக் கூரை மேல் மத்தியான மழை கொட்டுகிறது. பழைய கொம்பியூட்டரின் முன்னால் ரெஜினா, தான் வாசித்துப் பதிந்த கிட்டாரை மறுபடி ஓடவிடுகிறாள். அதன் முரட்டு இரைச்சலில் அதோடு சேர்த்த தோட்டத்துச் சுப்பவைசரின் குரல் அமுங்கிப்போகிறது. ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் அவர் அம்மாவைக் கேவலமாகத் திட்டியதை அவள் போனில் பிடித்து வைத்திருக்கிறாள். அப்படிப் பேசவே இல்லையென்று அவர் தோட்ட மேலாளரான துரையிடம் சத்தியம் செய்துவிட்டார். கிட்டாரின் தடித்த அடிச்சத்தத்தை வெட்டி, மிச்சத்தில் பாதியை இடது காதுக்கும் பாதியை வலது காதுக்கும் தள்ளுகிறாள். நடுவில் அந்த வசவு துலக்கமாக எழும்புகிறது. ஹெட்போனைக் கழற்றி, பின்னால் நிற்கும் அம்மாவிடம் நீட்டுகிறாள். “மாதா கோயில் திருநாள்ல, ஸ்பீக்கர்ல போடப்போறேம்மா. வேணாங்கிறீங்களா?” அம்மா செபமாலை கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்கிறாள். “அதுல நான் அழுவுறத எடுத்துரு. அவன் பேசுனது மட்டும் இருக்கட்டும்.”