எண்பது குடம் தண்ணீர்

"உக்காருடா சவரி. நீ இப்படி நடந்துக்கிட்டே இருந்தா மழை நின்னுடுமா?" என்றான் சாமிதுரை.

சவரிராஜால் உட்கார முடியவில்லை. தகரக் கொட்டகையின் வாசலுக்குப் போவான், கையை நீட்டி மழையைப் பார்ப்பான், திரும்பி வருவான். விடியற்காலையில் பிடித்த மழை, மணி எட்டாகியும் விட்டபாடில்லை.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையோரம், சரிவான ஒரு புன்செய்க் காட்டில் நடந்துகொண்டிருந்தது அந்தப் பயிற்சி முகாம். யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய ஆறு பேருக்கு, மழையில் மண் கரைந்து போகாமல் தடுக்கும் வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று மாதம் ஓடிவிட்டது. கடைசிப் பரீட்சையாக ஆளுக்கு ஒரு வரப்பு. சரிவுக்குக் குறுக்கே, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே மட்டத்தில் போக வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் போச்சு. தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் சேர்ந்து வரப்பை உடைத்துக்கொண்டு ஓடிவிடும்.

"உங்க நோட்டைப் பாத்து நான் மார்க் போடப் போறதில்ல. மழை போடும் மார்க்" என்று சொல்லியிருந்தார் பயிற்சி அதிகாரி அரங்கநாதன். வரப்பு நின்றால் வேலை. உடைந்தால் ஊருக்கு ரயில்.

ஐந்து பேர், முகாமில் இருந்த ஒரே மட்டக் கருவியை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணாடி வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்து, முளை அடித்து வரப்புப் போட்டார்கள். சவரிராஜ் மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை. காட்டுக்காரி அம்மாக்கண்ணுவிடம் குடம் இரவல் வாங்கினான். மண்வெட்டியால் சின்னதாக வாய்க்கால் கிழித்து, குளத்துத் தண்ணீரைச் சுமந்து வந்து ஊற்றி, அது எங்கே ஓடாமல் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து முளை அடித்தான். இரண்டு நாளில் எண்பது குடம். தோளில் தோல் உரிந்துவிட்டது.

"வெள்ளைக்காரன் கண்ணாடி இருக்கறப்ப, கொடம் தூக்கிக்கிட்டு அலையுது பாரு இது!" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

"சாமி, நீயும் ஒரு தடவை தண்ணி ஊத்திப் பாத்துடுடா. நான் சொமந்தாரேன்" என்று சாமிதுரையிடம் கெஞ்சினான் சவரிராஜ். பர்மாவில் ஒரே கூடாரத்தில் படுத்துக் கிடந்தவர்கள் அவர்கள்.

"போடா, எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று அப்போது சாமிதுரையும் சிரித்தான்.

இப்போது அவன் சிரிக்கவில்லை. "புள்ள பொறந்து நாப்பது நாளாச்சுடா. இன்னும் மூஞ்சியப் பாக்கல. வேலையோட வந்தாத்தான் மலர்க்கொடிய அனுப்புவேன்னு மாமனாரு சொல்லிட்டாரு. வரப்பு நின்னுடும்ல?"

சவரிராஜ் மறுபடி வாசலுக்குப் போனான்.

ஒன்பதரைக்கு மழை விட்டது. அரங்கநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

முதல் வரப்பு உடைந்திருந்தது. இரண்டாவதும் உடைந்திருந்தது. மூன்றாவது பாதிக்கு மேல் காணவில்லை. நான்காவதும் அப்படியே. ஐந்தாவது சாமிதுரையுடையது. ஓர் ஆள் படுக்கலாம் போல வாய் பிளந்து கிடந்தது. அதன் வழியே செந்தண்ணீர் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. சாமிதுரை அதன் பக்கத்திலேயே சேற்றில் குந்திவிட்டான்.

அடுத்தது சவரிராஜின் வரப்பு. முனைக்கு முனை ஒரே அளவாக முழங்கால் தண்ணீர் நின்றது. ஒரு பிடி மண் சரியவில்லை. அம்மாக்கண்ணு ஓரத்தில் நின்று, "என் மண்ணு எங்கிட்டயே இருக்கு சாமி" என்று சிரித்தாள்.

அரங்கநாதன் வரப்பின் மேல் ஏறி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். இறங்கி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"அஞ்சு வரப்பும் ஒரே பக்கமாச் சாஞ்சிருக்கு. அஞ்சு பேரும் ஒரே மாதிரி தப்புப் பண்ணியிருக்கீங்க. ஒருத்தன் கணக்கை ஒருத்தன் பாத்து எழுதியிருக்கீங்க. பட்டாளத்துல இதைத்தான் கத்துக்கிட்டீங்களா?"

"சத்தியமா இல்லீங்க சார். கண்ணாடியில தெரிஞ்சதைத்தான் எழுதினோம்" என்றான் சாமிதுரை.

"கருவி பட்டணத்துல சோதிச்சு அனுப்பினது. அது பொய் சொல்லாது. மூட்டையைக் கட்டுங்க. பகல் ரயிலுக்குப் போயிடலாம்."

சாமிதுரை எழுந்து வந்து சவரிராஜின் கையைப் பிடித்தான். "நீயாவது பொழைச்சியேடா. நல்லாயிரு" என்று சொல்லிவிட்டுக் கொட்டகையை நோக்கி நடந்தான். மற்ற நால்வரும் தலையைக் குனிந்தபடி அவன் பின்னால் போனார்கள்.

அரங்கநாதன் கோட்டுப் பையிலிருந்து வேலை உத்தரவை எடுத்து நீட்டினார். "வாங்கிக்கப்பா சவரிராஜ். ஒண்ணு மட்டும் சொல்லு. கருவி சும்மா கெடக்கறப்ப, நீ எதுக்குக் கொடம் கொடமா தண்ணி சொமந்தே?"

சவரிராஜ் அந்தக் காகிதத்தை வாங்கவில்லை. சேற்றில் போய்க்கொண்டிருந்த ஐந்து முதுகுகளையும் பார்த்தான்.

"அவங்களைக் கூப்பிடுங்க சார். அவங்க யாரும் பாத்து எழுதல. பரீட்சைக்கு மொத நாளு அந்தக் கருவியைத் தூக்கிக்கிட்டு வந்தப்ப, கால் வழுக்கிப் பாறை மேல போட்டுட்டு, வேலை போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தவன் நான்தான்!"